தாய்மாமன் கையால்

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கும் முயற்சியை நான் கைவிட்டுப் பல காலமாகிறது. ஓர் அமைச்சில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்று சொன்னால், "செக்யூரிட்டியா? நைட் ஷிப்டும் உண்டா?" என்பார்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு சித்தப்பா, தன் மகனுக்கு ஏதாவது ஷாப்பிங் சென்டரில் ஜாகா வேலை, அதாவது காவலாளி வேலை, வாங்கித் தரச் சொல்லி என் உயிரை எடுத்தார். மாமா துப்பாக்கி வைத்திருக்கிறாரா என்று கேட்காத குழந்தை எங்கள் குடும்பத்தில் கிடையாது. நான் வைத்திருந்ததெல்லாம் ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, தீராத முதுகுவலி. கைப்பேசியை வெளியே ஒரு பெட்டியில் போட்டுவிட்டு ஜன்னல் இல்லாத அறைக்குள் போவேன். எந்தக் கப்பலில் என்ன சாமான் வந்தது, யார் வாங்கினார்கள், இங்கிருந்து அது எந்த நாட்டுக்குப் போனது என்று காகிதம் காகிதமாகப் படிப்பேன். இந்தக் கம்பெனியை நம்பலாம், அந்தக் கம்பெனியை நம்பக் கூடாது என்று எழுதிக் கொடுப்பேன். சினிமாவில் காட்டுகிற எதுவும் அதில் இல்லை.

வேலை மலேசிய அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவில், ஊர் பினாங்குத் தீவு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவு கிடைத்தால் நெடுஞ்சாலையில் காரை விட்டுக்கொண்டு ஜெலுத்தோங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அடுக்குமாடியில் சின்ன வீடு. அக்காவின் கணவர் இறந்தபோது அவர்களுடைய ஒரே மகள் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா, அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். அதனால் அந்த வீட்டில் எது நடந்தாலும் என்னைக் கேட்டுத்தான் நடந்தது. பள்ளிக்கூடம் மாற்றுவதற்கும் நான், ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கும் நான். ஃப்ரிட்ஜைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மகளுக்குப் புதிதாக எது வந்தாலும் அதைச் சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, என்னை எடுத்துக் கொடுக்கச் சொல்வாள். பள்ளிக்கூடப் பை, பரீட்சைக்குப் பேனா, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம், முதல் மோட்டார் சைக்கிளின் சாவி. "தாய்மாமன் கையால வாங்கினா விளங்கும்" என்பாள். இப்படி எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "நான் சொல்றேன்ல, அதான் சாஸ்திரம்" என்றாள். அப்பா இல்லாத பிள்ளைக்கு ஒரு ஆண் துணை நிற்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவளாக உண்டாக்கிக்கொண்ட வழக்கம் அது. எனக்கும் அது பிடித்திருந்தது. புத்ராஜெயாவில் என்னை எதிர்பார்த்து யாரும் எதையும் எடுத்து வைப்பதில்லை.

மகள் நன்றாகப் படித்தாள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் பொறியாளர் ஆனாள். என்னைப் போலவே வேலையைப் பற்றி வீட்டில் பேசமாட்டாள். பேசினாலும் அக்காவுக்குப் புரியாது. எங்கள் இருவரையும் பார்த்து, "ஒருத்தன் வாயைத் தெறக்கமாட்டான், இன்னொருத்தி வாயைத் தெறந்தா இங்கிலீஷ்" என்று அக்கா கேலி செய்வாள்.

அந்த வருடம் என் மேசைக்கு ஒரு கம்பெனியின் கோப்பு வந்தது. அதுவும் பாயான் லெப்பாஸில்தான். புதுக் கட்டடம், நிறையப் பணம், ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாக இல்லை. இங்கே இறக்கும் கருவிகள் இங்கே தங்குவதாகவும் தெரியவில்லை. விற்கக் கூடாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் மாதக்கணக்காகப் படித்து, சரிபார்த்து, இதன் அனுமதியை நிறுத்த வேண்டும் என்று எழுதி மேலே அனுப்பினேன். நல்ல வேலை என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அனுப்பிய சில நாட்களில் அக்கா மகள் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "மாமா, புது கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. டீம் லீடர் போஸ்ட். இன்னும் சைன் பண்ணல. நீங்க வந்து பார்த்துட்டுத்தான்னு அம்மா சொல்லிட்டாங்க லா." கம்பெனியின் பெயரைச் சொன்னாள். என் கோப்பில் இருந்த அதே பெயர்.

அலுவலக விதி என்னவோ அதன்படி நடந்தேன். மறுநாளே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கிளந்தான்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பெண்மணி, ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அந்தக் கோப்பை இனி நான் தொட வேண்டாம் என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாக மலாயில் சொன்னார்: அந்த வேலைக்குப் போகாதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாதீர்கள், போ என்றும் சொல்லாதீர்கள், நீங்கள் எதைச் சொன்னாலும் அது அமைச்சு சொன்னதாக ஆகிவிடும். அவர் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. நான் தடுத்தால் அவள் அந்த வேலையை மறுப்பாள். கம்பெனி ஏன் என்று கேட்கும். ஒரு தோழியிடமாவது அவள் காரணம் சொல்வாள். அதிகாரிகள் போய்ச் சேர்வதற்குள் கிடங்கு காலியாகியிருக்கும். இப்படி ஒரு வார்த்தையில் கெட்டுப்போன காரியங்களை நான் பார்த்திருக்கிறேன். "உங்கள் பிள்ளைகள் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று அவரிடம் கேட்டேன். அவர் தன் ஃபிளாஸ்கில் இருந்த தேநீரை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

வார இறுதியில் பினாங்குக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கேட்பாள் என் அக்கா.

மீன் கறி வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே நான் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். பழைய கம்பெனியும் நல்ல கம்பெனிதானே, பழகிய ஆட்கள், பெரிய இடம் என்றேன். இதைச் சொல்வதே தப்பு என்று தெரிந்துதான் சொன்னேன். அக்கா கரண்டியோடு திரும்பினாள்.

"உனக்கு எப்பப் பார்த்தாலும் பயம்தான் லா. கவர்மென்ட்ல உக்காந்து உக்காந்து பென்சன் புத்தி வந்திருச்சு. அவ என்னா, உன்ன மாதிரி ரிட்டயர் ஆகவா வேலைக்குப் போறா?"

மகள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவள் புத்திசாலி. சாப்பாடு முடிந்து நான் காரிலிருந்து பையை எடுக்கக் கீழே போனபோது கூடவே வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்டாள்.

"மாமா, நேரா கேக்குறேன். இந்தக் கம்பெனியப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"இல்லமா."

"அப்ப போலாமா?"

"அது உன் இஷ்டம்மா. நீ படிச்ச பொண்ணு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் எதுவும் தெரியாமல் வைத்துக்கொள்வது எங்கள் வேலைக்கு முதல் தகுதி. அன்றைக்கு அந்தத் தகுதி என்னிடம் குறைவில்லாமல் இருந்தது. அவள் நிம்மதியாகி என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறினாள்.

மேலே அக்கா விளக்கேற்றி வைத்திருந்தாள். வேலைக் கடிதம் இமெயிலில் வந்ததுதான். அம்மாவுக்காகவே மகள் அதைக் கடையில் கொடுத்து அச்செடுத்து வைத்திருந்தாள். சாமி மேடையில் அதன்மேல் ஒரு சாமந்திப் பூ. அக்கா கும்பிட்டுவிட்டு நகர்ந்து எனக்கு வழி விட்டாள். "எடுத்துக் குடுடா" என்றாள். நான் எடுத்தேன். மகள் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என் கை நடுங்கியிருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள். நடுங்கவில்லை. அன்று தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து திரும்பும்போது, ஓரமாகக் காரை நிறுத்த இடம் இல்லாத பாலத்தில், அழுதுகொண்டே ஓட்டினேன்.

வருடம் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்தது. அதிகாரிகள் போனார்கள், கிடங்குக்குச் சீல் வைத்தார்கள், அனுமதி நின்றது. செய்தித்தாளில் ஓரமாக வந்தது. பொறியாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அக்கா மகளுடைய மடிக்கணினியையும் கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பாயான் லெப்பாஸ் சின்ன இடம். எங்கே நேர்காணலுக்குப் போனாலும் அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டதும் சிரித்த முகம் சுருங்கிவிடும். பழைய கம்பெனியும் கதவைத் திறக்கவில்லை. பிள்ளை வீட்டில் உட்கார்ந்தாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், கோயில் பூசை எதற்கும் போகமாட்டேன் என்றாள். கடைசியில் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில், படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலை கிடைத்தது.

அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருநாள் கூப்பிட்டு, "மாமா, அன்னிக்கு நான் உங்களக் கேட்டிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அக்கா விஷயம் வேறு. நான் போனபோது அவள் அடுப்படியில் இருந்தாள். செய்தித்தாளில் எந்த அமைச்சு என்று போட்டிருந்ததை அவள் படித்திருக்கிறாள்.

"உன் ஆபீஸ்தானே?"

நான் கார்ச் சாவியை மேசையில் வைத்தேன்.

"நான் ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். அன்னிக்கு நீ எடுத்துக் குடுத்தப்ப உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அக்கா, அதப் பத்தி நான் பேச முடியாது."

"ஊர் உலகத்துக்கிட்ட பேச வேணாம். என்கிட்ட சொல்லு."

"முடியாதுக்கா."

அவள் அடுப்பை அணைத்தாள். தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளத்தை உடைக்காமல் ஓரத்தில் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்தபோது சொன்னாள்: "தெரியாதுன்னு ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம்டா." அதன்பிறகு அவள் என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதே இல்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பார்கள். எதற்குக் கேட்பது? மறுபடியும் அதே கோப்பு வந்தால் அதையேதான் எழுதுவேன். மறுபடியும் அக்கா மகள் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். நான் செய்தது தப்பாக இருந்திருந்தால் காலில் விழுந்து அழுதாவது ஆறியிருப்பேன். தப்பில்லாத காரியத்துக்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிறையில் கூட வேலை பார்க்கும் பையன், நல்ல குடும்பம். வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்துத் தாய்மாமனை அழைப்பதுதான் முறை. எனக்குப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். நான்தான், தூரத்தில் இருக்கிறேன், அக்காவுக்கு முழங்கால் வலி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பட்டுப் புடவை எடுத்தேன். லிட்டில் இந்தியாவில் பூக்காரரிடம் முன்பணம் கொடுத்து, ரோஜாவும் சம்பங்கியுமாக ஒரு மாலை கட்டச் சொன்னேன். "பொண்ணுக்குத் தாய்மாமனா அண்ணே? அப்ப கொஞ்சம் கனமா கட்டுறேன்" என்றார் அவர்.

கோயில் மண்டப வாசலில் அக்கா நின்றிருந்தாள். "வாங்க" என்று எல்லோரையும் கும்பிடுவதுபோல் என்னையும் கும்பிட்டாள். புடவைத் தட்டை யாரோ ஒரு பெண் வாங்கி மற்றப் பரிசுகளோடு வைத்தாள். மாலையை நான் கொடுக்கவில்லை. அது என் கையால் போட வேண்டியது. பையோடு மடியில் வைத்துக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்தேன்.

"தாய்மாமன் வாங்க, பொண்ணுக்கு மாலை போடணும்" என்று ஐயர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். நான் எழுந்தேன். மேடையில் அதற்குள் ஒருவர் மாலையோடு நின்றிருந்தார். எங்கள் பெரியம்மா மகன், பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர். அக்கா அவருக்குப் பின்னால் நின்றாள். மணப்பெண் குனிந்தாள், அவர் போட்டார், நாதஸ்வரம் ஒலித்தது. நான் யாருக்கோ வழி விடுவதற்காக எழுந்தவன்போல ஒரு நிமிடம் நின்றுவிட்டு உட்கார்ந்தேன். பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

பக்கத்தில் இருந்தவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். பையை எட்டிப் பார்த்தார். "பெரிய மாலையா இருக்கே. நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

தாய்மாமன் உயிரோடு இதே மண்டபத்தில் இருக்கும்போது வேறொருவர் மாலை போட்டார் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால், அது அந்தப் பெண் போகிற வீட்டில் ஆயுசுக்கும் பேச்சாக இருக்கும்.

"பக்கத்து வீடுங்க" என்றேன். "சின்ன வயசிலிருந்து பார்த்த பொண்ணு."

அக்கா அட்சதைத் தட்டோடு எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தாள். பெரியவர் ஒரு பிடி எடுத்துக்கொண்டு, "உங்க பக்கத்து வீட்டுக்காரராமே, நல்லா மாலையெல்லாம் கொண்டாந்திருக்காரு" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அத்தனை காலத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்க, முன்ன இருந்தாரு" என்றாள். "நல்ல மனுஷன்." என் கையில் கொஞ்சம் அட்சதை போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.