நான் வாங்கி வந்த கோழி

சேரன்மகாதேவியில் செங்கல் சூளை வேலைக்குப் போனபோது, செல்வி அக்கா வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். அக்காவின் பன்னிரண்டு கோழிகளும் கழுத்து திருகிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செத்தன.

"பேச்சியம்மா வெசம் வச்சிட்டா. கோழி கீரையக் கிண்டுதுன்னு அவ ஏசினால்லா" என்று அக்கா பக்கத்து வீட்டைக் காட்டி அழுதார்.

செத்த கோழி ஒன்றை நான்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அறுத்துப் பார்த்தார்.

"விஷம் இல்லப்பா, வெள்ளைக் கழிச்சல். தொத்து நோய். புதுசா கோழி ஏதும் சேத்தீங்களா?"

முந்தின வாரம் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று, தூங்கி வழிந்த ஒரு பெட்டையை வாங்கி அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். நோய் கண்ட கோழியைத்தான் அப்படித் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"என்னடே சொன்னாரு? வெசந்தானே?" என்றார் அக்கா.

"சரியாத் தெரியலையாம்க்கா."

அன்று அக்கா பேச்சியம்மாள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது பேச்சியம்மாள் வழிமறித்து, "டாக்டரு என்னதான்யா சொன்னாரு?" என்று கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். "சரிய்யா" என்று போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் அக்கா என்னை வெளியேற்றிவிடுவார் என்று பயந்தேன். அடுத்த மாதமே வேறு வேலை தேடி, அந்த அறையை நானாகவே காலி செய்துவிட்டுப் போனேன்.