தூங்கித் தேர்ந்தெடுத்த கியர் பெட்டி

இங்கிலாந்தில், கவென்ட்ரி ரிப்பன் மில் ஒன்றில் ஈனாக் தர்க்கில் என்பவன் காவலாளியாக இருந்தான். காவல் நேரத்தில் தூங்கினான் என்று அவனை நீக்கினார்கள். அதே காரணத்துக்காக எங்கள் கார் கம்பெனி அவனை வேலைக்கு எடுத்தது.

எங்கள் முதலாளி பிராக்ஸ்டன் பிரபுக்களுக்கு மட்டுமே கார் செய்வார். பின்சீட்டில் கண்ணயரும் பிரபு, கியர் மாற்றுகிற கறகறப்பில் விழித்துவிடக் கூடாது. எஞ்சினியர் ஹாலம் மூன்று கியர் உள்ள பெட்டி ஒன்று செய்திருந்தார்; இன்னொரு எஞ்சினியர் பிம் செய்தது நான்கு கியர் உள்ளது. எது நல்லது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது.

"நல்லாத் தூங்குற ஆள் ஒருத்தனப் பின்னால படுக்க வைங்க. எதுல முழிக்கிறானோ அது வேணாம்" என்றார் முதலாளி. வண்டி ஓட்டியது நான்.

ஈனாக் இரண்டிலும் தூங்கினான். நான் ஒரு பால் வண்டியில் இடித்து, பால்காரன் கதவைத் திறந்து கத்தியபோதும் தூங்கினான்.

"இவன் மனுசனா, மூட்டையா?" என்றார் பிம்.

"கொஞ்சம் லேசாத் தூங்குப்பா" என்று கெஞ்சினார் ஹாலம்.

அதுதான் வினையாகிவிட்டது. லேசாகத் தூங்குவது எப்படி என்று யோசிக்கப் போய், ஈனாக்குக்குத் தூக்கமே போயிற்று. அவன் மனைவி கெசியா கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இந்த மனுசன் ராத்திரியெல்லாம் முழிச்சு இவ்வளவு பேசுவாருன்னு எனக்குத் தெரியாது. எப்படியாவது தூங்க வெச்சு அனுப்புங்க."

பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பான்; வியர்த்துக் கொட்டும்.

"சைலஸ், இந்த வேலையும் போயிடும்ல?"

"பேசாமப் படுங்கண்ணே."

கடைசிச் சோதனையன்று மேட்டில் ஏறும்போது பிம்மின் பெட்டி பல் நொறுங்கி நின்றுவிட்டது. பக்கத்துப் பண்ணையில் ஒரு குதிரையைக் கேட்டு வாங்கிக் கட்டினேன். கார் சத்தமில்லாமல் அசைந்தாடி வந்து சேர்ந்தது. முதலாளி கதவைத் திறந்தார். ஈனாக் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"இதுதான்" என்றார் முதலாளி.

"ஐயா, கியர் பெட்டி உடஞ்சு போச்சு."

"உடஞ்சும் சத்தம் வரலையே."

ஹாலம் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. ஜெயித்த பிம்மோ, "குதிரையையும் சேத்துல்ல சொல்லணும்" என்று முணுமுணுத்தபடி பெட்டியின் பல்லைக் கெட்டியாக்கப் போனார். கார் நன்றாகவே விற்றது. பிரபுக்கள் யாரும் குறை சொல்லவில்லை, அவர்கள் ஓட்டுவதில்லை. டிரைவர்களை யாரும் கேட்கவில்லை.

சீட் மெத்தைகளில் தூங்கிப் பார்த்துச் சொல்ல ஈனாக்கை மெத்தைப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். "முழிச்சிருந்து செய்யுற வேலையாக் குடுங்கய்யா" என்றான். பெயின்ட் பிரிவில் போட்டார்கள். கதவோரம் மெல்லிய பொன்கோடு இழுக்க, அவனைப்போல் கை நடுங்காத ஆள் இல்லை. சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றால் மட்டும் அந்தப் பின்சீட்டில் ஏற மாட்டான்.

"நீ போ சைலஸ். நான் நடந்தே போயிடறேன்."