தறியில் இங்கிலீஷ் படித்த தனபாக்கியம்

நான்காம் பாரம் வகுப்புத் தோழிகளே, இந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது பார்த்தால் நாளை முதல் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

தனபாக்கியம் விஷ ஜுரத்தில் போய்விட்டாள் என்று திங்கட்கிழமை பால்காரி வந்து சொன்னாள். "நெசவாளியாத்துப் பொண்ணுக்கு இங்கிலீஷ் எதுக்கு? மூளை கொதிச்சுப் போயிடுத்து. இவளையும் நிறுத்திடணும்" என்றார் என் அப்பா. படிப்பு அவளைக் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

'ஆஃப்', 'வித்தவுட்', 'பிஃபோர்' இவற்றுக்குப் பின்னால் 'டு' போட்டு எழுதி, வகுப்பே பெஞ்சு மேல் நின்றோமே, நினைவிருக்கிறதா? 'இங்' என்று முடிக்க வேண்டும் என்று டீச்சரம்மாள் எத்தனை முறை சொன்னாலும் நமக்கு ஏறவில்லை. மறுவாரம் தனபாக்கியம் ஒருத்திதான் எல்லாவற்றையும் சரியாக எழுதினாள். எப்படியடி என்று கேட்டதற்கு என்னை வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

தறியில் அவள் அப்பா புடவையின் உடலை நெய்ய, ஓரத்தில் உட்கார்ந்து இவள் கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவை வீசினாள். வீசும்போது "வித்தவுட்" என்றாள். எழுத்தே தெரியாத அவர் தன் நாடாவை வீசிக்கொண்டு "டெல்லிங்" என்றார்.

"பிஃபோர்."

"டு கோ."

"தப்பு நைனா! கோயிங்."

"நூலு அறுந்தாகூட நீ இப்படிக் கத்தமாட்டியேம்மா!"

பரீட்சை பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரைசானி, 'ஃபாண்ட் ஆஃப்' வைத்து ஒரு வாக்கியம் கேட்டாள். "ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் வீவிங் அண்ட் ரீடிங்" என்றாள் தனபாக்கியம். யாருடன் படிக்கிறாய் என்று துரைசானி கேட்க, "என் அப்பாவுடன், தறியில்" என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். நாம் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவள் தலை குனியவில்லை. துரைசானி சிரிக்காமல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்று எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

நேற்றுப் பள்ளி விட்டதும் வீட்டுக்குத் தெரியாமல் அவர்கள் தெருவுக்குப் போனேன். அவள் அப்பா தறிப்பக்கம் போகவேயில்லை. "ஜுரத்துலயும் வித்தவுட், பிஃபோர்னு என்னைக் கேட்டுக்கினே இருந்தாம்மா. நான் ஒண்ணுகூடத் தப்பா சொல்லல" என்றார்.

சிரிப்புக்கு நடுவே நிமிர்ந்து நின்றாளே, அந்தத் தைரியத்தைத்தான் அவளிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். காலையில் அப்பாவிடம் நானே சொல்லப்போகிறேன், படிப்பை விடமாட்டேன் என்று.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். இப்போதே சொல்லிவிடுகிறேன்.