ரெண்டு கதவு அலுமாரி

ஒரு அலுமாரிக் கதவைப் பற்றி நான் இவ்வளவு ஆராய்ச்சி செய்வேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். டிக்கோயாவில் எங்களுக்குக் கிடைத்த புது வீட்டில் இரண்டே அறைகள். சின்ன அறையை அம்மாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். அதில் கட்டிலைப் போட்டால் நடக்க ஒரு முழம் இடம் மிஞ்சும். சாதாரண அலுமாரி வைத்தால் கதவு கட்டிலில் இடிக்கும். ஸ்லைடிங் கதவுதான் சரி என்று நானும் கணவரும் முடிவு செய்தோம்.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அலுமாரி இல்லை, அம்மாதான். அப்பா போன பிறகு நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அவள் தனியாக இருந்தாள். கொழுந்து பறித்தது போதும் என்று வேலையை விட்டாயிற்று, பிரஷர் வேறு. எங்களோடு வந்து இருங்கள் என்றால் வருவாள், மூன்றாம் நாள் கிளம்பிவிடுவாள். அந்த மூன்று நாளும் அவள் துணி ஒரு பைக்குள்ளேயே இருக்கும், பை ஆணியில் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அலுமாரியில் பாதியை அவளுக்குக் கொடுத்தால் தங்கிவிடுவாள் என்று மனக்கணக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் கதவுதான் கண்ணில் பட்டது. கொத்மலையில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனவள், சடங்கான பெண்ணைப் பார்க்காமல் அவர்கள் அறையில் மண்டியிட்டு அலுமாரியின் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே தூசியும் ஒரு ஊக்கும் கிடந்தன. பலகையின் அடிப்பக்கம் பனி ஈரம் குடித்து, தேத்தண்ணியில் நனைத்த பாண் மாதிரி ஊதியிருந்தது. இந்த வீட்டில் சேலை பூஞ்சணம் பிடிக்குமா என்று வீட்டுக்கார அம்மாவிடமே கேட்டுவிட்டேன். கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறை.

ஹட்டனில் எங்களுக்கு வேலை செய்த தச்சு பாஸ் பொறுமைசாலி. கதவை மேலே தொங்கவிடுவதா, கீழே உருட்டுவதா? சக்கரம் இரும்பா, நைலோனா? மூடியே கிடந்தால் துணி மூச்சு முட்டாதா? நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். தொங்கும் கதவு சத்தமில்லாமல் ஓடும், ஆனால் எங்கள் மெல்லிய சீலிங் அதன் பாரத்தைத் தாங்காது. நம் மலைக் குளிருக்கு, கதவின் மேலும் கீழும் காற்றுப் போகச் சின்னக் கீறல் விட வேண்டும், சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி நிறுத்த வேண்டும். நான் பலகைகளை முகர்ந்து பார்த்தேன், பட்டறையில் இருந்த கதவுகளையெல்லாம் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தேன்.

கடைசியாக, ரெண்டு கதவா மூன்றா என்று கேட்டார். ரெண்டு என்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறக்கும் என்றும் சொன்னார். அம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரெண்டு என்றேன். அத்தனை ஆராய்ச்சி செய்தவள் அங்கேதான் கோட்டை விட்டேன்.

அலுமாரி வந்தது, அம்மாவும் வந்தாள். முதல் நாள் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், குனிந்து சக்கரத்தைத் தேடினாள். தன் பக்கத்தில் ஐந்து சேலைகளை அடுக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் வாரம் பார்த்தால் சேலைகள் மறுபடியும் பைக்குள். கேட்டதற்கு, எடுக்க லேசு என்றாள்.

ஒரு காலையில்தான் விஷயம் விளங்கியது. எந்த ஜாக்கெட் போடுவது என்று என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அன்றைக்குப் பார்த்து அம்மா பையைத் துவைத்துக் காயப்போட்டு, சேலைகளை அலுமாரியில் வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்த அம்மா ஈரத் துண்டோடு அடுப்படியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் இப்படி என்றேன்.

"நீ தொறந்து வச்சிருக்கியே. நான் என் பக்கத்த தொறந்தா ஒன் பக்கம் மூடிக்கிருமே."

தள்ளுங்கள் அம்மா, அவ்வளவுதானே என்றேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகிறவளுக்குத்தான் அவசரம், எனக்கென்ன என்றாள். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் உடுத்துவதற்கு முறை உண்டு. ஒருவர் உடுத்தும்போது மற்றவர்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நிற்போம். முதலில் அப்பா, பிறகு பள்ளிக்கூடம் போகும் நாங்கள். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டிய அம்மாவோ, எங்களுக்கு முன்னால் இருட்டோடு எழுந்து உடுத்திவிடுவாள், இல்லையென்றால் எல்லோருக்கும் கடைசி. அந்த முறையை இந்த வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தாள். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்தக் கதவையே கழற்றி எறிகிறேன் என்று கத்தினேன்.

கத்தியது வினையானது. தன்னால்தான் வீட்டில் சத்தம் என்று நினைத்துக்கொண்டாள். லயம் ஆளில்லாமல் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நம்பர் கிடைக்கும். நான் வழக்கம் போலப் பச்சைச் சேலையா ஊதாவா என்று அலுமாரிக்கு முன்னால் நின்றேன். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கைய எடு. பஸ்ஸு போயிரும்."

சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள். என் பாதி என் கண்ணெதிரே மூடிக்கொண்டது. பாவாடையும் ஜாக்கெட்டுமாக நின்ற என்னை, வெளியே போ என்பது போலப் பார்த்தாள். போனேன். அறைக் கதவும் சாத்திக்கொண்டது.

குளிரில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஹாலில் நின்றேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகவில்லையா என்று கணவர் கேட்டார். அம்மா உடுத்துகிறாள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மா அவசரமே படவில்லை. சேலை மடிப்பை உதறும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஞாயித்துக்கெழம நீயும் நோட்டனுக்கு வா. மத்த சீலையெல்லாம் கெடக்கு, ஒருத்தியா இங்க தூக்கிட்டு வர ஏலாது."