மலை பார்த்த வாசல்

ஐப்பசி மாதம், சனிக்கிழமை. தாம்பரத்தில் காலை ஆறு மணிக்கு ஏறினேன். பத்தேமுக்காலுக்குத் திருவண்ணாமலையில் இறங்கினேன். சாமி கும்பிட வரவில்லை, மனை பார்க்க வந்தேன். என்னோடு கல்லூரியில் படித்த கலைவாணி அடி அண்ணாமலையில் வீடு கட்டித் தனியாக இருக்கிறாள். பக்கத்து மனையும் அவளுடையதுதான். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடு என்று இரண்டு வருடமாக உயிரை வாங்குகிறாள். நானும் தனிக்கட்டை. காலையில் கதவைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்று எனக்கும் கொள்ளை ஆசை.

ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். செங்கம் சாலையில் ஆசிரமம் தாண்டும்வரை விடுதி, காபிக் கடை, மறுபடி விடுதி.

"மலை பார்த்த மனைங்களா? அதுக்குத்தாங்க ரேட்டு ஜாஸ்தி," என்றார் ஓட்டுநர் பாஷா. "முன்னல்லாம் இங்க மல்லாட்டதான், அதாங்க வேர்க்கடலை, போடுவாங்க. மழை பேஞ்சா மலைத்தண்ணி ஓடையில நேரா ஏரிக்குப் போவும். இப்ப ஓடை மேலயே பிளாட்டு போட்டுட்டாங்க. ஏரிக்கு வரத்து கம்மி."

கலைவாணியின் தெருவில் எல்லா வாசலும் மலையைப் பார்த்தே இருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கார்த்திகை தீபத்தைப் பார்க்கலாமாம். அவள் வீட்டில் ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. முன்கதவுக்கு நேர் எதிரே சுவரை இடித்துப் பின்கதவு வைத்திருந்தாள். சோபா நான்கு செங்கல் மேல் நின்றது.

"இது என்னடி கூத்து?"

"மழை வரட்டும், நீயே பாரு."

நான்கு மணிக்கு மலையுச்சி மறைந்தது. அப்படியொரு மழை! கொஞ்ச நேரத்தில் செந்நீர் கிரிவலப் பாதையைத் தாண்டி அவள் தெருவுக்குள் இறங்கியது. பௌர்ணமி அன்னதானத்தின் பாக்குத்தட்டும் பேப்பர் கப்பும் அதன் மேலே மிதந்து வந்தன. கலைவாணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். தண்ணீர் முன்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, பின்வாசல் வழியாக ஏரிப் பக்கம் போனது. தாம்பரத்தில் நாங்கள் மணல்மூட்டை அடுக்கி மல்லுக்கட்டுவோம். இவளோ வழிவிட்டு நிற்கிறாள்!

"மலை தெரியணும்னு வாசல் வெச்சோம். தண்ணியும் அங்கருந்துதான் வரும்னு ஒருத்தருக்கும் தோணல பாரு," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தில் ஓடியது கணுக்காலளவுதான். பக்கத்துக் காலி மனையில் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நான் வீடு கட்டினால் அத்தனையும் இவள் வீட்டுக்குள்தான் திரும்பும். அவளுக்கும் அது தெரியாமலில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சுமா என்னை வாங்கச் சொன்ன?"

"நீ வந்தா போதும்னு இருந்துச்சு. தண்ணியப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்." குரல் உடைந்துவிட்டது. பாவி மகள்!

ஞாயிறு காலை வெயில் அடித்தது. கழுவி விட்டது போல மலை பளிச்சென்று நின்றது. கூடத்துச் சேற்றை இருவரும் சேர்ந்து தள்ளினோம். வழியனுப்ப அவளும் பேருந்து நிலையம் வந்தாள். சன்னலோரம் உட்கார்ந்ததும் வெளியே தலையை நீட்டிச் சொன்னேன்.

"மனை வேணாண்டி. வேற யாருக்கும் விக்காத. தண்ணி போவட்டும்."

"அப்ப நீ வரமாட்டியா?"

"உன் பின்ரூம் சும்மாதான கெடக்குது? தை மாசம் வந்துடறேன்."

வண்டி நகர்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே நாலடி கூடவே ஓடிவந்து கத்தினாள்:

"அப்ப இன்னும் நாலு செங்கல் வாங்கணும்டி, உன் கட்டிலுக்கு!"