நண்பரின் சாப்பாட்டு டப்பாவும் என் சிறுநீரகமும்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகளே. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். எனக்கும் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவருக்கும் ஒரே வியாதி. சர்க்கரையால் சிறுநீரகம் பழுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும், பரீட்சை பேப்பர் வாங்கியதும் நீங்கள் செய்வீர்களே, அதே மாதிரி மாற்றி மாற்றிப் பார்ப்போம். அவருக்கு கிரியாட்டினின் என்கிற உப்பு அளவு ஏறாமல் நிற்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஏறும். "இப்படியே போனா டயாலிசிஸ்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பயத்தைவிட எனக்குப் பொறாமைதான் அதிகம். ஒரே வயசு, ஒரே மாத்திரை, அவருக்கு மட்டும் எப்படி? அவர் சும்மா சிரித்தால்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று வயிறு எரியும்.

ஒருநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில், "தெனம் காலைல வயிறு கிளீனா போவுதா நைனா?" என்று கேட்டார். கரையான்சாவடிக்காரர், எதையும் சத்தமாகத்தான் பேசுவார். சுற்றிலும் ஆட்கள். "கேக்கற கேள்வியைப் பாரு!" என்று கிண்டல் செய்து அவர் வாயை அடைத்தேன். உண்மையில் எனக்கு மூணு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போகும். வெட்கப்பட்டு டாக்டரிடமே சொன்னதில்லை.

எங்கள் இடத்தில் மத்தியானம் எல்லாரும் டப்பாவை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவோம். அவர் மட்டும் வியாதி வந்ததிலிருந்து ஓரமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். ஏதோ மருந்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். அவர் கை கழுவப் போன சமயம் டப்பாவைத் திறந்துவிட்டேன். கொஞ்சம் சோறு, மீதியெல்லாம் காய். ஓகோ, இதுதானா!

அவர் ஒரு பங்கு தின்றால் நான் மூணு பங்கு தின்று ஜெயிப்பேன் என்று கிளம்பினேன். காலையில் பச்சைக் கீரையை அரைத்து ஒரு டம்ளர், அப்புறம் இளநீர், வாழைப்பழம், இரண்டு வேளையும் முருங்கைக்கீரை. தெம்புக்குக் கறி, முட்டை வேறு. "டாக்டரைக் கேட்டீங்களா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். முறைத்தேன்.

பத்தாவது நாள் வேலையில் நிற்கும்போதே கால் துவண்டது, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. விழ இருந்தவனைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியது அவர்தான். கீரையிலும் இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பை என் சிறுநீரகம் வெளியே தள்ள முடியாமல், அது ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் இதயமே நின்றிருக்கும் என்றார்கள்.

நான் தேறியதும் டாக்டர், "மலச்சிக்கல் உண்டா?" என்றார். பக்கத்தில் நின்ற நண்பரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உயிரைக் கையில புடிச்சிகினு கீற, இன்னும் இன்னா வெக்கம்? சொல்லு நைனா" என்றார் நண்பர்.

சொன்னேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். அளவுக்கு மேல் தின்ற கறியும் முட்டையும் முழுசாகச் செரிக்காமல் பெருங்குடலில் தேங்கினால், அங்கே இருக்கும் கிருமிகள் அதை அழுக வைத்து நஞ்சாக்கும். அது ரத்தத்தில் கலக்கும். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். பழுதானது தள்ள முடியாமல் இன்னும் கெடும். நார்ச்சத்துள்ள காய் குடலுக்கு நல்லதுதான், ஆனால் எந்தக் காய், எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமாம்.

நண்பர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். டாக்டர் சொன்ன காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது. அளவான கறி. வயிறு போக டாக்டர் கொடுத்த மருந்து.

"இதை ஏன்யா மறைச்சு மறைச்சுத் தின்ன?"

"உப்பு கெடியாது, உறப்பு கெடியாது. உனக்குக் குடுத்தா என் மூஞ்சிலயே துப்புவ. அன்னிக்கு பெஞ்சுல சொல்லத்தான் வந்தேன், நீதான் நக்கல் பண்ணிட்ட."

எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

இப்போது எனக்கும் அளவு ஏறாமல் நிற்கிறது. பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரைப் பார்த்து வயிறு எரிகிறதோ அவரிடமே போய் "எப்படி?" என்று கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல்தான் நான் என் பிள்ளைகளை விட்டுப் போகப் பார்த்தேன்.