இரண்டு படத்திலும் இல்லாத வேலி

இத்தாலியில் சீசா என்ற பகுதியில் நான் துப்புரவு செய்த வீட்டின் குசினியில் இரண்டு உப்புப் போத்தல்கள் இருந்தன. இரண்டு கோப்பிக் கேத்தல், இரண்டு சவர்க்காரம். பிரிட்ஜில் மேல்தட்டு ஒருவருக்கு, கீழ்தட்டு மற்றவருக்கு. வீட்டுக்காரச் சிஞ்ஞோரா அறை அறையாக வாடகைக்கு விடுகிறவ. வருகிறவர் எந்த நாடு என்று அவ விசாரிப்பதில்லை. ஒரு அறையில் காஸாவிலிருந்து வந்த பலஸ்தீனர், மற்றதில் ஹைஃபாவிலிருந்து வந்த இஸ்ரேலியர். இரண்டு பேரும் மருத்துவம் படித்தார்கள். ஊரில் செய்வதுபோல காஸாக்காரர், ஹைஃபாக்காரர் என்றே நான் மனதில் வைத்திருந்தேன்.

திங்களும் வியாழனும் போவேன். முதல் வருசம் முழுக்க அவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கூட நான் கேட்கவில்லை. சண்டையும் பிடித்ததில்லை. ஒருவர் குசினிக்குள் வந்தால் மற்றவர் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுவார். எனக்கு இதெல்லாம் புதினமாகப் படவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள்.

என் அப்பாவின் வளவுக்கும் பெரியப்பாவின் வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் தடி அரை முழம் தன் பக்கம் வந்துவிட்டது என்று இரண்டு பேரும் சத்தம் போடுவார்கள். வழக்குக்கும் போனார்கள். பதினொரு வருசம் அந்த வீட்டில் நாங்கள் ஒரு மிடறு தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பகையை அப்படித்தான் அளப்பார்கள். வாயால் என்ன கதைத்தாலும் கணக்கில்லை, அந்த வீட்டில் கை நனைத்தாயா என்றுதான் பார்ப்பார்கள். கடைசியில் பெரியம்மாவின் செத்தவீட்டில் அப்பா போய் இருந்து தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். பகை தீர்ந்தது என்று ஊர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது.

தொண்ணூற்று மூன்றில் அவர்கள் இருவருடைய தலைவர்களும் புல்வெளியில் நின்று கை கொடுத்ததைச் சிஞ்ஞோராவின் ரீவியில் உடுப்பு அழுத்திக்கொண்டே பார்த்தேன். ஒருவர் கையை நீட்ட, மற்றவர் கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தார். சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்தா. எனக்குக் கண்ணீர் வரவில்லை. ரீவியில் கை கொடுக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆனால் இரண்டு கிழமை கழித்து அந்தக் குசினியில் ஒரு உப்புப் போத்தல்தான் இருந்தது. ஒரு கேத்தல் அடுப்பில், மற்றது கழுவித் துடைத்து அலுமாரிக்கு மேலே. கழுவும் தொட்டியில் ஒரே குழம்பு காய்ந்த இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள். அப்போதுதான் அழுதேன். ஈரக்கையோடு, அந்நிய வீட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்று, பைத்தியம் மாதிரி.

அதற்குப் பிறகு அவர்களின் ஊர்களிலிருந்து கூடாத செய்திகளும் வந்தன. தொழுகையில் நின்றவர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். பஸ்களில் குண்டு வெடித்தது. அப்படியான கிழமைகளில் இரண்டு பேரும் மேசையில் இருந்து பேசாமல் சாப்பிடுவார்கள், கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் குசினியில் இருந்த ரேடியோவைக் காணவில்லை. சாப்பிடும்போது செய்தி கேட்பதில்லை என்று பேசி முடிவெடுத்ததாகக் காஸாக்காரர் சொன்னார். நல்ல புத்தி என்று நினைத்தேன். உப்புப் போத்தல் ஒன்றாக இருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

இரண்டு பேரின் அறைச் சுவரிலும் ஒவ்வொரு வரைபடம் இருந்தது. வியாழன்தோறும் இரண்டையும் தூசி தட்டுவேன். எழுத்துத்தான் வேறு, நிலம் ஒன்று. ஆற்றிலிருந்து கடல்வரை ஒரே துண்டு. இன்னொருவருக்கு என்று ஒரு கோடு இரண்டு படத்திலும் கிடையாது. இதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன், தூசி தட்டினேன், கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

எங்கள் நாட்டிலும் சண்டை நின்று பேச்சுவார்த்தை தொடங்கியது அந்த நேரத்தில்தான். தங்கச்சியிடமிருந்து கடிதம் வந்தது. புருசனும் கைக்குழந்தையுமாக யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கிளாலிக் கடலைத் தாண்டி கொழும்புக்கு வரவா, இல்லை ஊரிலேயே இருக்கவா என்று கேட்டிருந்தாள். அங்கிருந்து அவர்களை இங்கே எடுப்பதற்கு நாங்கள் ஒழுங்கு செய்து வைத்திருந்தோம். அவள் ஓம் என்றால் போதும். ஆனால் அவள் என் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த என் மனுசன் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே சொன்னார்.

"வரச் சொல்லு. முந்தி சமாதானம் எண்டு வந்த ஆமிக்கும் மாலை போட்டனாங்கள். மூண்டு மாதம் போகேல்லை, அதே ஆக்கள் ஷெல் அடிச்சவை."

நான் சீசா வீட்டுக் கதையைச் சொன்னேன். அவங்களே ஒரு சட்டியில் சாப்பிடுகிறாங்கள், எங்கட ஆக்களுக்கு ஏலாதோ என்று கேட்டேன். உப்புப் போத்தலைப் பார்த்து அரசியல் கதைக்கிற ஒரே ஆள் நீதான் என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே இருந்து எழுதினேன்: அவசரப்படாதை, சமாதானம் வருது, வீடு வாசலை விட்டிட்டு வராதை.

அப்பா தேத்தண்ணி குடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. மற்றதை வசதியாக மறந்துபோனேன். அப்பாவின் காணி உறுதியிலும் பெரியப்பாவின் காணி உறுதியிலும் அந்த அரை முழம் இருந்தது. இருவரில் யாரும் அதைத் திருத்தி எழுதவில்லை. அப்பா செத்து எட்டுச் செலவுச் சடங்கு முடிய முன்னமே பெரியப்பாவின் வழக்குக் கடிதம் வந்தது.

சித்திரையில் எங்கள் பேச்சுவார்த்தை முறிந்தது. உடனே வா என்று எழுதினேன். ஊரை விட்டு வெளியேற அவளுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. ஐப்பசி முடிவில் ஆமி நெருங்க, யாழ்ப்பாணச் சனம் முழுக்க மழையில் மூட்டையோடு வெளியேறி நடந்தது. இத்தாலிய ரீவியில் அதைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் தங்கச்சியின் முகத்தைத் தேடினேன். அதற்குள் உதைபந்தாட்டம் தொடங்கிவிட்டது.

அதே கிழமை இஸ்ரேலில், புல்வெளியில் தயங்கிக் கை கொடுத்த அந்தப் பிரதமரைச் சொந்த ஆளே சுட்டுக் கொன்றான்.

திங்கட்கிழமை காலை போனபோது ஹைஃபாக்காரர் குசினியில் தனியே இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கோப்பை கோப்பி, விளிம்புவரை, ஆறி ஆடை கட்டி. காஸாக்காரர் ஊற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவராகத்தான் இத்தாலியனில் சொன்னார்.

"அவரிலை எனக்குக் கோவம் இல்லை. சுட்டது எங்கடை ஆள். ஆனா இதைக் குடிக்க ஏலாமல் கிடக்கு."

கோப்பியைத் தொட்டிக்குள் ஊற்றினேன். கோப்பையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். அவரை நினைத்துத் தேய்த்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். தங்கச்சிக்கு எழுதிய கடிதத்தை நினைத்துத்தான் தேய்த்தேன். மார்கழிக்குள் அலுமாரி மேலிருந்த கேத்தல் கீழே இறங்கிவிட்டது. பிறகு உப்பும் இரண்டானது.

தைப்பொங்கல் கழித்துத் தங்கச்சியின் கடிதம் வந்தது. வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் இருந்து எழுதியிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்று ஒரு வரி. திட்டு இல்லை, குறை இல்லை.

"அக்கா, நீ எழுதினபடி இருந்தனாங்கள். இனியும் இருக்கிறதோ, எப்பிடியும் வெளிக்கிடுறதோ? நீ சொல்லுறபடி செய்யிறம்."

சீசா வீட்டு மேசையில் இருந்துதான் பதில் எழுதினேன். ஒரு பக்கம் ஒரு உப்புப் போத்தல், மறுபக்கம் மற்றது. வா என்று எழுதினால் வழியில் காடும் காவலும். இரு என்று எழுத எனக்கு இனி முகமில்லை. கடைசியில், இனி என்னைக் கேக்காதை, உனக்குச் சரியெண்டு படுறதைச் செய் என்று எழுதி ஒட்டினேன்.

அவள் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை. கடிதமும் வரவில்லை.